மெஷினுக்கு ஒரு மேப்... மனுஷனுக்கு?

'சைட் மேப்' என்றதும், தாம்பரத்துக்கு அப்பால் கலர் கலராகக் கொடி கட்டி, இலவச வேனும் மதியச் சாப்பாடும் கொடுத்து மனை விற்பார்களே, அந்த லே-அவுட் காகிதம் உங்கள் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. எனக்கும் முதலில் அதுதான் வந்தது. ஆனால், இந்த வாரம் பார்க்கப்போவது வேறு சைட். இணையதளம்.

ஒரு தளத்தில் என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன, எதற்கு எங்கே போக வேண்டும் என்று காட்டும் பட்டியலுக்கும் சைட்மேப் என்றுதான் பெயர். தமிழில் 'தள வரைபடம்' என்கிறார்கள். கேட்டால் பிரமாதமாக இருக்கிறது. ஆனால், வரைபடமும் கிடையாது, படமும் கிடையாது. சுத்தமான பட்டியல். புத்தகத்துக்குப் பொருளடக்கம் மாதிரி.

இந்த ஒரே பெயரில் இரண்டு சமாசாரங்கள் உலவுகின்றன. குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

ஒன்று, மனிதர்களுக்கானது. தளத்தின் அடியில், 'பொறுப்புத் துறப்பு', 'தொடர்புக்கு' போன்ற பொடி எழுத்துக்களுக்கு நடுவே 'சைட்மேப்' என்று இருக்கும். தட்டினால் தளத்தின் முக்கியமான பக்கங்கள் எல்லாம் தலைப்புவாரியாக ஒரே இடத்தில் வரும். வேண்டியதைத் தட்டிக்கொண்டு போகலாம்.

இரண்டாவது, இயந்திரங்களுக்கானது. 'சைட்மேப்.எக்ஸ்எம்எல்' என்று ஒரு ஃபைல். நம் கண்ணில் படாது. பட்டாலும் சுவாரஸ்யமாக ஒன்றும் இருக்காது. வரிசையாக முகவரிகள், கூடவே தேதிகள். கூகிள், பிங் போன்ற தேடுபொறிகள் அனுப்பும் மென்பொருள் வந்து அதை வாசித்துவிட்டு, 'ஓஹோ, இங்கே இத்தனை பக்கம் இருக்கா?' என்று குறித்துக்கொண்டு போகும்.

என் புகார் இதுதான். கடந்த இருபது வருஷங்களில் இரண்டாவது பிள்ளைக்கு ஹார்லிக்ஸ் கொடுத்து வளர்த்தோம். முதல் பிள்ளையைப் பட்டினி போட்டோம். அதைவிட மோசம், 'இரண்டாவது நன்றாக இருக்கிறானே, அப்படியானால் குடும்பமே ஆரோக்கியம்' என்று நம்பவும் ஆரம்பித்துவிட்டோம்.

முதலில் அந்த இரண்டாவது பிள்ளையின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம்.

தேடுபொறி ஒரு பக்கத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு பக்கத்தில் இருக்கிற இணைப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம். அங்கிருந்து அதற்கடுத்த பக்கம். புது ஊரில் டீக்கடை டீக்கடையாக விலாசம் விசாரித்துப் போகிற மாதிரி. சரி, யாருமே கைகாட்டாத ஒரு பக்கம் இருந்தால்? அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதற்கு வழியாக, 2005 ஜூன் மாதம் கூகிள் ஒரு ஏற்பாடு செய்தது. 'நாங்கள் தேடி அலைகிறோம், சரி. நீங்களே உங்கள் பக்கங்களின் பட்டியலை எழுதி வாசலில் வைத்துவிடுங்களேன்' என்றது. 2006 நவம்பரில் யாஹூவும் மைக்ரோசாஃப்ட்டும் அதே படிவத்தை ஏற்றுக்கொண்டன. தொழிலில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த மூன்று கம்பெனிகள் ஒரே படிவத்துக்குத் தலையாட்டியது பெரிய விஷயம். 2007ல் இன்னும் சுலபமாக்கினார்கள். தளத்துக்குள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் 'ரோபாட்ஸ்' ஃபைல் என்று ஒன்று உண்டு. 'பட்டியல் இங்கே இருக்கிறது' என்று அதில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்றார்கள். ஒரு ஃபைலில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். அதற்கு மேல் இருந்தால் இன்னொரு ஃபைல். ஃபைல்கள் அதிகமானால் அவற்றுக்கு ஒரு தலைமைப் பட்டியல்.

இதனால் நல்லது நடந்ததா என்றால், நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

2007 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் நான்கு மாநிலங்கள் - அரிஸோனா, கலிஃபோர்னியா, யூட்டா, வர்ஜீனியா - கூகிளோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தன. கல்வி, ரியல் எஸ்டேட், சுகாதாரம், சுற்றுச்சூழல் என்று பொதுமக்களுக்கான தகவல்கள் அவர்களுடைய அரசாங்கத் தளங்களில் ஏராளமாக இருந்தன. ஆனால், எல்லாம் தகவல் கிடங்குகளுக்குள் இருந்தன. தளத்துக்குப் போய், ஒரு பெட்டியில் பெயரையோ எண்ணையோ அடித்து, பட்டனைத் தட்டினால்தான் பக்கம் வெளியே வரும். தேடுபொறியின் மென்பொருளுக்குப் பெட்டியில் என்ன அடிப்பது என்று தெரியாது. வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். கூகிளில் தேடுகிற ஜனங்களுக்கு அந்தத் தகவல் இருப்பதே தெரியாது.

மாநிலங்கள் என்ன செய்தன? உள்ளே இருந்த பக்கங்களின் முகவரிகளை சைட்மேப்பாக எழுதி வெளியே வைத்தன. புதிதாக ஓர் ஆவணமும் எழுதவில்லை. பூட்டு எதையும் உடைக்கவில்லை. ஏற்கெனவே மக்களுக்குச் சொந்தமாக இருந்ததற்கு வழி சொன்னார்கள். அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். அரசாங்கத் தகவல் நமக்குக் கிடைக்காததற்கு 'ரகசியம்' மட்டும்தான் காரணம் என்று நினைக்கிறோம். இல்லை சார். 'அங்கேதான் எங்கேயோ இருக்கு' என்பதும் ஒருவிதமான ரகசியம்தான். அதை உடைத்த கருவி இது. அந்த மரியாதையை நான் குறைக்க மாட்டேன்.

பிரச்னை, இதே கருவியை சர்வரோக நிவாரணி என்று விற்கிறபோது வருகிறது.

திருநெல்வேலிப் பக்கம் எனக்குத் தெரிந்த பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர் கடைக்கு வெப்சைட் போட்டார். அறுபது பக்கம் இருக்கும். ஆறு மாதமாகியும் ஒரு விசாரணை வரவில்லை. வெப்சைட் செய்துகொடுத்த தம்பி, "சைட்மேப் போடணும் அண்ணாச்சி. போட்டுட்டா கூகிள்ல மொதப் பக்கந்தான்" என்று சொல்லி எட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். போட்டார். முதல் பக்கமும் வரவில்லை, பத்தாவது பக்கமும் வரவில்லை. அண்ணாச்சி எனக்கு போன் செய்து, "அந்த மேப்பை எங்கெவே மாட்டியிருக்கான்? கண்ணுலயே காணோமே" என்றார். நியாயமான கேள்வி.

இதில் இரண்டு விஷயங்கள் அவருக்குச் சொல்லப்படவில்லை. ஒன்று, ஏறக்குறைய 500 பக்கங்களுக்குள் இருக்கிற தளம், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்தால் சைட்மேப் தேவைப்படாமலே போகலாம் என்று கூகிளே தன் குறிப்பில் சொல்கிறது. இரண்டு, சைட்மேப்பில் எழுதிவிட்டால் பக்கத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்வோம் என்று எந்தத் தேடுபொறியும் வாக்குக் கொடுப்பதில்லை. முதலிடம் தருவோம் என்று சொல்வதே இல்லை. அது கல்யாணத்துக்கு விலாசம் போட்ட பத்திரிகை மாதிரி. கொடுத்தால் வழி தெரியும். வருவதும் வராததும், வந்து மொய் எழுதுவதும் அவரவர் பிரியம்.

போதாததற்கு, உலகத்தில் ஏராளமான தளங்கள் ஓடுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளில் 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து இந்த ஃபைல் தானாகவே தயாராகிவிடுகிறது. தனியாக யாரும் சமைக்க வேண்டியதில்லை. சாப்பாட்டோடு வருகிற அப்பளத்துக்குத் தனி பில் போடுவதுதான் இந்த எட்டாயிரம்.

கூகிளிடம் பட்டியல் கொடுக்கிற நாமாவது யோக்கியமாகக் கொடுத்தோமா? அது அடுத்த கதை.

சைட்மேப் படிவத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று விவரங்கள் எழுத இடம் உண்டு. கடைசியாக எப்போது திருத்தினீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவீர்கள், இந்தப் பக்கம் எவ்வளவு முக்கியம். முக்கியத்துவத்துக்கு பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மார்க் போடலாம். நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ளலாம் என்றால் என்ன ஆகும்? ஊர்ப்பட்ட பேர் எல்லாப் பக்கத்துக்கும் முழு மார்க் போட்டுக்கொண்டார்கள். 'வருஷத்துக்கு ஒருமுறை தூசி தட்டுவோம்' என்கிற பக்கத்துக்கு 'தினமும் மாற்றுவோம்' என்று எழுதினார்கள். மூன்று வருஷமாகத் தொடாத பக்கங்களுக்கெல்லாம் இன்றைய தேதி முத்திரை குத்தினார்கள்.

நான் பி.காம். எங்கள் ஊர் பாஷையில் இதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர். வருஷக் கடைசியில் கணக்குப் புத்தகத்துக்கு பவுடர் பூசுவது. ஆடிட்டர் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் நிஜமான வவுச்சரையும் நம்ப மாட்டார். இங்கேயும் அதுதான் நடந்தது. முக்கியத்துவ மார்க்கையும் 'எத்தனை நாளைக்கு ஒருமுறை' என்பதையும் கூகிள் இப்போது கண்டுகொள்வதே இல்லை. திருத்திய தேதியை மட்டும், அது தொடர்ந்து உண்மையாக இருந்தால் எடுத்துக்கொள்கிறது. 'பட்டியலை மாற்றியிருக்கிறேன், வந்து பாருங்கள்' என்று கூகிளுக்கு மணி அடிக்க ஒரு வசதி இருந்தது. குப்பைத் தளங்கள்தான் அதிகம் அடிக்கின்றன என்று 2023ல் அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். எல்லோரும் 'அர்ஜென்ட்' என்று எழுதினால் தபால்காரர் என்ன செய்வார், பாவம்!

சரி, பொய்யில்லாமல் பட்டியல் கொடுத்தாயிற்று. கூகிளும் வந்து கதவைத் தட்டுகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள்?

இது தமிழ்த் தளங்களுக்கே உரிய வயிற்றெரிச்சல். யூனிகோடு புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு எழுத்துருவில் தமிழ் அடித்தோம். 'பாமினி' ஞாபகமிருக்கிறதா? அதில் 'அம்மா' என்று திரையில் தெரியும். ஆனால், உள்ளே கம்ப்யூட்டர் எழுதிவைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. நம் கண்ணுக்கு அம்மா. தேடுபொறிக்கு எம்-கே-ஹெச். கூகிளில் நீங்கள் 'அம்மா' என்று தமிழில் தேடினால் அந்தப் பக்கம் எப்படி வரும்? விலாசம் சரியாக இருக்கிறது, வீட்டிலும் ஆள் இருக்கிறார், ஆனால் பேசுவது புரியவில்லை. 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகு புதிதாக எழுதியவை பிழைத்தன. அதற்கு முன்னால் செய்து, மாற்றாமல் விட்ட பழைய ஃபைல்களை எத்தனை சைட்மேப்பில் எழுதினாலும் ஜென்மத்துக்கும் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அங்கே செய்ய வேண்டிய முதல் வேலை மேப் அல்ல, மாற்றம்.

இப்போது பட்டினி கிடக்கும் முதல் பிள்ளையிடம் வருவோம். மனிதர்களுக்கான சைட்மேப்.

இதைப் பற்றி அக்கறையாக ஆராய்ந்தவர் ஜேக்கப் நீல்சன். இணையதளங்களை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பதே அவர் தொழில். 2002லும் 2008லும் இதைப் பற்றி எழுதினார். 'இந்தத் தளம் எப்படி அமைந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்' என்று ஆட்களிடம் சொன்னபோது, முதல் ஆய்வில் 27 சதவீதம் பேர் சைட்மேப்பைத் தேடிப் போனார்கள். இரண்டாவதில் 7 சதவீதம் பேர்தான் போனார்கள்.

'ஏழு பேருக்காகவா ஒரு பக்கம்?' என்று கேட்கத் தோன்றும். நம்மூர் ஆசாமிகள் அப்படித்தான் கேட்டு அதைத் தூக்கிவிட்டார்கள். ஆனால் அதே நீல்சன், சைட்மேப்பை வைத்திருங்கள் என்றுதான் அப்போதும் சொன்னார். செலவு குறைவு, உபயோகம் உண்டு என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். ஆஸ்பத்திரியில் 'விசாரணை' என்று எழுதிய ஜன்னலுக்கு எல்லா நோயாளியும் போவதில்லை. வழி தெரியாதவர்தான் போகிறார். கூட்டம் குறைவு என்று அந்த ஜன்னலை மூடுவோமா?

அந்த ஜன்னல் யாருக்கு அதிகம் தேவை? பார்வையற்ற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டு தளத்துக்கு வருகிறார். எலியை மேலே கொண்டுபோனால் விரியும் மெனு, அதற்குள் இன்னொரு மெனு... பல தளங்களில் அவருக்கு அது சிக்கல். ஒழுங்கான தலைப்புகளோடு ஒரே பக்கத்தில் பட்டியல் இருந்தால், காதால் கேட்டுக்கொண்டே போய் வேண்டியதைப் பிடித்துவிடுவார். 2008ல் வந்த சர்வதேச அணுகல் நெறிகளில், ஒரு பக்கத்தை அடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும் என்று ஒரு விதியே இருக்கிறது. அந்த வழிகளில் ஒன்றாக சைட்மேப்பைச் சொல்கிறார்கள். நம் மத்திய அரசும் 2009ல் அரசுத் தளங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. தேடும் பெட்டியும் சைட்மேப்பும் அதிலும் பேசப்படுகின்றன.

ஆகவே, நம் அரசுத் தளங்களில் சைட்மேப் இருக்கிறது. இருப்பதுதான் பிரச்னை!

உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு உதவித்தொகைப் படிவம் தேடி ஒரு துறையின் தளத்துக்குப் போனேன். எந்தத் துறை என்பது வேண்டாம். மெனுவில் கிடைக்கவில்லை. தேடும் பெட்டி எதையும் தேடவில்லை. சைட்மேப்பைத் தட்டினேன். 'எங்களைப் பற்றி' என்று ஆரம்பித்தது. தொலைநோக்கு, குறிக்கோள், நிர்வாக அமைப்பு, அதிகாரிகள், பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு, புகைப்படத் தொகுப்பு... கடைசியில் 'இதர'. அதற்குள் 'பதிவிறக்கங்கள்'. அதற்குள் 'படிவம் 3 - திருத்தியது'. எதற்கான படிவம் என்று தலைப்பில் ஒரு வார்த்தை இல்லை. திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பட்டியலில் ஒரு பொய்யும் இல்லை. எல்லாம் இருக்கிறது. ஆனால், அது அந்த ஆபீஸ் தன்னைத் தானே கண்ணாடியில் பார்த்து எழுதிய பட்டியல். உள்ளே வருகிறவன் 'பிரிவு இரண்டு' என்று கேட்டுக்கொண்டு வர மாட்டான். 'ஸ்காலர்ஷிப் ஃபாரம் எங்கே சார்?' என்றுதான் வருவான். அந்தப் பையனுக்குத் தேடிக்கொடுக்க நான் ஒருவன் இருந்தேன். அப்படி ஆள் இல்லாத வீட்டில், பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அரைமணி நேரம் தேடிவிட்டு எழுந்துபோகிற பெண்ணுக்கு? கடைசித் தேதி காத்திருக்காது. சைட்மேப் என்பது தொழில்நுட்ப சமாசாரம், நமக்கெதற்கு என்று நினைப்பவர்கள் அந்தப் பெண்ணை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் எடுத்தவர் நம்மூர்க்காரர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகத்துக்கு அவர் ஐந்து விதிகள் வகுத்துப் புத்தகமாக வெளியிட்டது 1931ல். நாலாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சம் பிடிப்பதைப் பற்றியது. புத்தகத்தின் பாதுகாப்பைப் பற்றி அல்ல, நூலகரின் வசதியைப் பற்றி அல்ல. வருகிறவரின் நேரம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே ஒருவர் இதைச் சட்டமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நாம் சட்டத்தை விட்டுவிட்டு ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் சைட்மேப் எதற்குத்தான் லாயக்கு? திரும்பவும் என் பி.காம். மூளைக்கு ஒரு உதாரணம்தான் தோன்றுகிறது. ட்ரையல் பேலன்ஸ்.

கணக்கு படித்தவர்களுக்குத் தெரியும். பற்றும் வரவும் டாலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. வாடகையைச் சம்பளத்தில் எழுதியிருந்தாலும் டாலி ஆகும். ஆனால், டாலி ஆகவில்லை என்றால் எங்கேயோ ஓட்டை இருப்பது நிச்சயம். சைட்மேப்பும் அப்படித்தான். அது இருப்பதால் தளம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால், ஒழுங்காக ஒரு சைட்மேப் எழுத முடியவில்லை என்றால் தளம் கெட்டுக்கிடக்கிறது என்பது நிச்சயம்.

அதனால், தளம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். கம்ப்யூட்டரை மூடிவிடுங்கள். ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். உங்களிடம் வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை, அவர்கள் கேட்கிற வார்த்தைகளிலேயே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, உங்கள் தளத்தில் எந்தப் பக்கம் பதில் சொல்கிறது என்று எழுதுங்கள். பக்கமே இல்லாத கேள்வி வந்தால் அந்தப் பக்கத்தை எழுதுங்கள். கேள்வியே இல்லாத பக்கம் மிஞ்சினால் அது உங்கள் பெருமைக்காகப் போட்டது. இருந்துவிட்டுப் போகட்டும், கடைசியில் தள்ளுங்கள். இந்தத் தாள்தான் உங்கள் சைட்மேப். மனிதர்களுக்கு இதைப் போடுங்கள். மெனுவையும் இதன்படியே மாற்றுங்கள். இயந்திரத்துக்கான ஃபைலை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பக்கங்கள் ஒன்றுக்கொன்று ஒழுங்காகக் கைகாட்டினால், விசாரித்துக்கொண்டு வருகிற கூகிளுக்கும் அதே வழிதான்.

பாத்திரக்கடை அண்ணாச்சியிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் கடையில் 'எஸ்.எஸ். 304', 'பிராஸ்', 'அலுமினியம் - கமர்ஷியல்' என்று கேட்டுக்கொண்டு யாரும் வருவதில்லை. ஆனால், வெப்சைட் அப்படித்தான் இருந்தது. கடையில் கேட்பது என்னவென்றால், "சீர்வரிசைக்கு என்ன ஆகும்?", "ஹோட்டலுக்கு அண்டா இருக்கா?", "பழசைப் போட்டுப் புதுசு எடுக்கலாமா?" அண்ணாச்சிக்கு இதெல்லாம் மனப்பாடம். நாற்பது வருஷமாகக் கேட்டவர். தாளும் பேனாவும் எடுத்துக் கல்லாவில் உட்கார்ந்த இடத்திலேயே இருபது நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டார்.

"இதுக்கா அந்தப் பய எட்டாயிரம் வாங்குனான்?" என்றார்.

இல்லை அண்ணாச்சி. இதைச் செய்யாமல் இருந்ததற்கு!